நேராக ஓர் அம்பு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நானும் என் தோழியும் வடசேரியில் ஓர் அண்ணாச்சி வீட்டு மாடிக்குப் போய்விடுவோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயாலேயே ஆடும் சாகச விளையாட்டு. துணிக்கடை நடத்தும் அண்ணாச்சிதான் கதையையும் நடத்துவார். விளையாட்டில் தோழி கொள்ளைக்காரி. நான் வில்லாளி.

என் வில்லாளிக்கு ஒரு தனித் திறமை உண்டு. அம்பைச் சுவரில் தெறிக்கவிட்டுத் திருப்பலாம், சுண்டிய காசைத் துளைக்கலாம். ஆனால் ஒவ்வொரு வித்தைக்கும் இருபது முகப் பகடையில், நேராக எய்வதற்கு வேண்டியதைவிட மூன்று கூடுதலாக விழ வேண்டும். நான் அடங்குகிற ஆளா? விளக்கை அணைக்கச் சொன்னால், காவலாளியின் தொப்பியைத் தட்டி, தூணில் மோதி, அப்புறம்தான் அணைப்பேன். பாதி நாள் அணையாது. வாய் தவறிச் சொன்னதையும் அண்ணாச்சி கணக்கில் சேர்த்துவிடுவார். "துணியக் கிழிச்ச பொறவு வேண்டாம்னு சொல்லுவியளா?" என்பார்.

தோழி நர்ஸ். வேலை கிடைத்து, செவ்வாய்க்கிழமை மஸ்கட்டுக்கு விமானம். கொள்ளைக்காரி பிழைத்திருந்தால் அங்கிருந்து போனில் ஆடுவேன், செத்தால் புது ஆளை உருவாக்க எனக்குப் பொறுமை இல்லை, இத்தோடு முடிந்தது என்று சொல்லியிருந்தாள். அவள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு பார்த்துக் கொள்ளைக்காரி தூக்குமேடையில். என்னிடம் ஒரே ஓர் அம்பு.

"ஏட்டி, போறதுக்கு முந்தி நல்ல வித்தையா ஒண்ணு காட்டு" என்றாள் தோழி.

"மேடை மணியில பட்டு, பொறவு..." என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நேரா கயிறு."

அண்ணாச்சி நிமிர்ந்தார். "அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான். பத்து விழுந்தா போதும்லா?"

பகடையை உருட்டினேன். பதினொன்று விழுந்தது. கயிறு அறுந்தது.

தோழிக்குக் கோபம். "சவம்! ஊருல உள்ள வெளக்குக்கெல்லாம் வித்தை காட்டினே. எனக்கு மட்டும் வெறும் அம்பா?"

எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "வெளக்கு அணையலன்னா எனக்கு என்னட்டி? நீ இல்லன்னா ஞாயித்துக்கெழம நான் எங்க போவேன்?"

அண்ணாச்சி பகடைகளை டப்பாவில் போட்டுக்கொண்டே, மஸ்கட்டில் இப்போது மணி என்ன இருக்கும் என்று கேட்டார்.

தோழி மூக்கை உறிஞ்சினாள்.

"இங்க மூணுன்னா அங்க ஒண்ணரை" என்றாள். "ஞாயித்துக்கெழம டூட்டிய மாத்திக் கேக்கேன்."