கல்மேட்டில் இறங்காதவள்

ஞானசுந்தரி போய்விட்டாள் என்று பள்ளிக்கூடத்து ஆயா ஓடி வந்து சொன்னபோது நான் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். "ராத்திரி மார்வலி வந்துச்சாம்மா. காலையில எழுப்பினா எழுந்திருக்கல" என்றாள். முந்தின நாள் சாயங்காலம்தான் மர்பி டவுனில் என் வீட்டு வாசலில் பெல்லை அடித்து, ஒரு காலைப் படியில் ஊன்றிக்கொண்டு, சீட்டைவிட்டு இறங்காமலே அரட்டை அடித்துவிட்டுப் போயிருந்தாள். "உள்ளே வந்து உட்காரேன்டி" என்றேன். "உட்கார்ந்தா மறுபடி எழுந்திருக்கணும். ரெட்டை வேலை" என்றாள். அப்படிப்பட்டவள் படுத்தபடியே போனாள் என்பதை இன்னும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவளைச் சாந்த சொரூபி என்றார்கள். யாரை? ஜெபத்தின்போது கண்ணை மூடிக்கொண்டு காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பாளே, அவளையா? அவளை அறிந்த உங்களுக்கு உண்மையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நாலு வரி எழுதுவதற்குள் நானும் இரண்டு தடவை எழுந்து கொல்லைவரை போய்விட்டு வந்தாயிற்று.

நாங்கள் இருவரும் ஒரே வருஷம் அந்தப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தோம். அவள் ஆஸ்டின் டவுன்காரி. லேடீஸ் சைக்கிள் வாங்கியதும் ஒன்றாகத்தான். சேலைத் தலைப்பை இடுப்பைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டு நாங்கள் போனால் தெருவே வேடிக்கை பார்க்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். அவள் பெல்லை இன்னும் பலமாக அடிப்பாள். "பார்க்கிறவங்க வழிவிட்டுட்டுப் பார்க்கட்டும்" என்பாள்.

பன்னேருகட்டா ரோட்டில், கல்மேட்டைத் தாண்டி ஒரு கிராமத்தில் எங்கள் பள்ளிக்கு ஒரு கிளை இருந்தது. அதற்குத் தலைமை ஆசிரியர் வேண்டும் என்றபோது ஞானம் கேட்டாள். கேட்டாளா, துடித்தாள். யாருக்கும் கீழே இல்லாமல் தன் கையால் ஒரு பள்ளிக்கூடத்தை நடத்திப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு வெறி. பள்ளி மேனேஜர் எங்கள் எல்லார் முன்னாலும் சிரித்தார். "பெண்பிள்ளைகள் மேட்டில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவீர்கள். பள்ளிக்கூட மணி உங்களுக்காகக் காத்திருக்குமா?" என்றார்.

"இறங்காம ஏறிக் காட்டினா?"

"ஏறு, பார்க்கலாம். ஏறினால் வேலை உனக்குத்தான்."

அந்தச் சமயம் பார்த்து ஆஸ்பத்திரி நிதிக்காகக் கண்டோன்மெண்டில் பெண்களுக்கு ஒரு சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். அதே ரோடு, மூன்று ஏற்றம், கடைசியில் கல்மேடு. ஏற்றத்தில் கால் தரையில் பட்டால் பந்தயத்தை விட்டு விலகிவிட வேண்டும். மேனேஜருக்கு ஏறிக் காட்ட இதுதான் சமயம் என்று ஞானம் பெயர் கொடுத்தாள். என் பெயரையும் கேட்காமலே சேர்த்துக் கொடுத்தாள்.

முதல் இரண்டு ஏற்றத்திலேயே பலர் இறங்கிவிட்டார்கள். கல்மேட்டின் அடிவாரத்துக்கு நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் வந்து சேர்ந்தோம், எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். எனக்குத் தொடை எரிந்தது. பாதி ஏறியிருப்போம், மேலேயிருந்து தமட்டைச் சத்தம் கேட்டது. பாடை ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது.

நம் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். எதிரே பிணம் வந்தால் சைக்கிளில் போகிறவர் இறங்கி, ஓரமாக நின்று, அது கடந்த பிறகுதான் ஏறுவார். எந்த மதமாக இருந்தாலும் சரி. நான் இறங்கிவிட்டேன். பின்னால் வந்தவர்களும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. "இறங்குடி!" என்று கத்தினேன். கிராமத்து ஆட்களும் கன்னடத்தில் திட்டினார்கள். வாயை இறுக்கிக்கொண்டு, ரோட்டோரத்துச் சரளையில் சக்கரம் நொடிக்க நொடிக்க மிதித்தாள். பாடைக்கு இறைத்த பொரி அவள் தோளில் விழுந்தது. அவள் முதுகு மேட்டுக்கு அந்தப்பக்கம் மறைகிறவரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கோப்பையை அவளிடம் கொடுத்தபோது யாரும் கை தட்டவில்லை. மறுநாள் மேனேஜர் சொல்லிவிட்டார்: "செத்தவனுக்கு இறங்கி நிற்கத் தெரியாதவள் பிள்ளைகளுக்கு என்ன மரியாதை சொல்லிக்கொடுப்பாள்? வேலை கிடையாது." எனக்கு அவர்மேலும் ஆத்திரம், இவள்மேலும் ஆத்திரம். "நீ செஞ்சது தப்புதான்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "தெரியும்டி" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் சோறு தின்றாளா என்றே எனக்குச் சந்தேகம். வகுப்புக்கும் வராந்தாவுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து "சகுந்தலா, கிளம்பு" என்றாள். கல்மேட்டில் வழக்கம்போல நான் இறங்கித் தள்ளினேன். அவள் ஏறிப் போய் உச்சியில் எனக்காக வட்டமடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் கிராமத்து எல்லை வந்ததும் அவளாக இறங்கினாள். தெரு முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து, அன்று பாடையில் போன முனியப்பாவின் வீட்டு வாசலில் நின்றாள். முனியப்பா பார வண்டி ஓட்டிப் பிழைத்தவர். அவர் மனைவி வெளியே வந்து இவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"என் புருஷனுக்கு இறங்காதவ, இப்ப எதுக்கு இறங்கி வந்தே?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன் அக்கா. அன்னிக்கு அந்த மேட்டுல நின்னிருந்தா மறுபடி ஏறியிருக்க முடியாது. ஏறலேன்னா இந்த ஊர்ல பள்ளிக்கூடம் நடத்த எனக்கு வழியே இல்ல. ஆனாலும் தப்பு தப்புதான்" என்று ஞானமும் கன்னடத்திலேயே சொன்னாள்.

அந்த அம்மா இவள் சைக்கிளை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "பாரத்தோட கல்மேட்டுல நிறுத்தினா மாடு திரும்ப இழுக்காது. அவரும் அங்க யாருக்காகவும் நிறுத்தினதில்ல. பொணம் வந்தாலும் வண்டியில உட்கார்ந்தபடியே கும்பிட்டுட்டுப் போவாரு." உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு ஞானம் சைக்கிளில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

அடுத்த வாரம் அந்த அம்மாவும் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேரும் மேனேஜரைப் பார்க்க வந்தார்கள். சைக்கிள் டீச்சரம்மாவைத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். மேனேஜருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வேறு வழியில்லாமல் அனுப்பினார். அன்றிலிருந்து சாகிறவரை, மழையிலும் பனியிலும் அந்த மேட்டில் ஏறி இறங்கி அவள் அந்தப் பள்ளியை நடத்தினாள்.

அதற்குப் பிறகு எந்தச் சவ ஊர்வலத்தைக் கண்டாலும் முதலில் இறங்கி நிற்கிறவள் அவள்தான். ஒருமுறை அல்சூரில் இருவரும் அப்படி நின்றிருந்தோம். "நான் போகும்போது நீ இப்படி நிக்காதே, சகுந்தலா. மிதிச்சுக்கிட்டே போ. எனக்கு அதுதான் மரியாதை" என்றாள் காதோரமாக. "வாயை மூடு" என்றேன்.

சவ அடக்கத்தன்று சைக்கிளை எடுத்துக்கொண்டுதான் போனேன். கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றம் உண்டு. பெட்டிக்குப் பக்கத்திலேயே மிதித்தேன். கூட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். "இறங்குங்கம்மா, நல்லாவா இருக்கு?" என்று யாரோ ஹேண்டில்பாரைப் பிடிக்க வந்தார். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது, இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது கிராமத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்த முனியப்பாவின் மனைவி, "நில்லிஸ்பேடி தாயி! நிறுத்தாதீங்க!" என்று கத்தினாள். நான் நிறுத்தவில்லை.

இப்போது புது மேனேஜர் சொல்கிறார், அந்தப் பள்ளிக்குத் தினமும் போய்வர ஆள் கிடைக்கவில்லையாம், மூடிவிடலாமாம். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த வயதிலா என்றார். டாக்டரும் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு சைக்கிளே கூடாது என்கிறார். ஞானத்தின் கோப்பையை அவள் தம்பி வைத்துக்கொள்ளட்டும். அவளிடமிருந்து எனக்கு வேண்டியது அந்த மேடுதான், அதை எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் கல்மேட்டில் இறங்காமல் ஏறியதில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை, பிள்ளைகள் காத்திருப்பார்கள். பார்க்கிறேன்டி, ஞானம்.