என் தலைக்கு எடுத்த அளவு

அம்பிட்டியவில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து வேலை செய்யும் வீட்டில் எல்லோரிடமும் ஒரு வைக்கோல் தொப்பி உண்டு. பாண் வாங்கக் கடைக்குப் போனாலும் அதுதான் தலையில். மண்பாண்டம் செய்யும் அண்ணனின் தொப்பி விளிம்பில் களிமண் விரல் தடம் காய்ந்திருக்கும். படம் வரைகிற தம்பி தன்னுடையதில் பழைய பஸ் டிக்கெட்டுகளைச் செருகி வைத்திருப்பார். எல்லாம் எங்களோடு இருக்கும் அக்கா ஒருவர் செய்தவை. வைக்கோலை நனைத்து நாடாவாகப் பின்னி, உச்சியிலிருந்து சுற்றிச் சுற்றித் தைப்பார். ஒவ்வொரு தலைக்கும் ஒரு அளவு நூல் சுவர் ஆணியில் தொங்கும்.

சாயம் தோய்க்குமுன் பத்திக் துணிக்கு மெழுகு வைக்கிற என்னிடம் மட்டும் தொப்பி இல்லை. ஆசை இருந்தது. ஆனால் அளவு கொடுக்கத் தலைத்துணியை அவிழ்க்க வேண்டும். கலியாணத்துக்கு முன்னும் பின்னும் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள் நான். முதுகுக் கூடையின் கயிறு அழுத்திய இடத்தில், உச்சியில் குறுக்கே, முடி கொட்டிக் கோடு விழுந்துவிட்டது. தோட்டத்தை விட்டு மஹய்யாவவுக்குக் குடிவந்து இத்தனை வருஷமாகியும் முளைக்கவில்லை. என் வீட்டுக்காரரைத் தவிர யாரும் அதைப் பார்த்ததில்லை.

அக்கா நூலோடு வந்தால், "பொறகு பாப்போம் அக்கா" என்று நழுவிவிடுவேன். ஒரு நாள் அவர் நூலை என் கையிலேயே கொடுத்துவிட்டார். "வீட்டுல நீங்களே அளந்து, முடிச்சுப் போட்டுக் கொண்டு வாங்க."

கண்ணாடி முன்னால் நின்று அளந்து, மறுநாளே கொடுத்தேன்.

இரண்டு கிழமையில் தொப்பி தயார். துணிக்கு மேலேயே போட்டேன். அது மூக்கு வரை இறங்கி நின்றது.

"ஆளக் காணோம், தொப்பி மட்டும் நிக்குது!" என்றார் தம்பி.

"உள்ள இன்னொரு ஆளக் குடி வைக்கலாம்" என்றார் அண்ணன்.

தொப்பிக்குள்ளிருந்து நானும் சிரித்தேன். அவர்கள் வேலைக்குத் திரும்பிப் போனார்கள்.

"நூல் நீளத்தப் பாத்துப் பெரிய கொண்டைன்னு நெனச்சிட்டேன்" என்றார் அக்கா. "எப்படி அளந்தீங்க? காட்டுங்க."

நூலை எடுத்தேன். கை தானாக உச்சிக்குப் போனது. கூடைக் கயிறு உட்காரும் இடத்தில் வைத்து, இரண்டு காதோரமும் இறக்கி, தாடைக்கடியில் முடிச்சைப் பிடித்தேன். நெற்றியைச் சுற்றி அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அக்கா நூல் கிடந்த இடத்தையே பார்த்தார். "எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான்" என்றார் மெதுவாக. "துணி கட்டாம வாசலுக்கு வரமாட்டாங்க."

நானே துணியை அவிழ்த்தேன். உச்சியில் காற்றுப் பட்டது.

அவர் உற்றுப் பார்க்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. "குனியுங்க, எனக்கு எட்டல்ல" என்றார். நூலை நெற்றிக்கு மேல் சுற்றி முடிச்சுப் போட்டார். கையில் ஈர வைக்கோல் வாசம். "உச்சியில முடிச்சு வராமத் தச்சுத் தாரேன். அந்த எடத்துல உறுத்தக் கூடாது."

புதுத் தொப்பியைத் துணி கட்டாமலே போடுகிறேன், உறுத்தவில்லை. பெரிய தொப்பியில் இப்போது வாழைப்பழம் வைக்கிறோம். தேத்தண்ணிக்கு உட்காரும்போது எல்லோரும் தொப்பியைக் கழற்றி மேசையில் வைப்பார்கள். நானும் கழற்றி வைக்கிறேன்.