மலையாண்டி போட்ட தோட்டம்

கொத்தமங்கலம் மலையாண்டி இருபது வருசம் வயரிங் வேலையும் மோட்டார் வேலையும் பார்த்தவர். நாற்பத்திரண்டாவது வயதில் கண் அழுத்த நோய் வந்து பார்வை முழுக்கப் போய்விட்டது. மனைவி ஈஸ்வரி, கல்லலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையம் ஒன்றில் ஆயா வேலைக்குச் சேர்ந்தார். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் மலையாண்டியும் கூடவே பஸ் ஏறிவிடுவார். சாயங்காலம் வரை மையத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

மையத்தை நடத்திய மரிய அனிதா பின்பக்கம் ஒரு தோட்டம் போட்டிருந்தார். புல்தரை, குரோட்டன்ஸ், சரளைக்கல் பாதை. பார்க்க அழகுதான், யாரும் உள்ளே போகவில்லை. ஒருநாள் மலையாண்டியைக் கூட்டிப்போய், "எப்படி இருக்குண்ணே?" என்றார்.

"சரளை காலைக் குத்துது. வெயிலு அடிக்குது. வேற ஒண்ணும் இங்குட்டு இருக்கிறதாத் தெரியலயே டீச்சர்."

அனிதாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் அவரே பெஞ்சைத் தேடி வந்தார். "அப்ப நீங்களே போட்டுக் குடுங்கண்ணே."

மலையாண்டி பயந்துதான் போனார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கம்பை ஊன்றி இடத்தை அளந்தார். சரளையை அள்ளச் சொல்லி, சக்கர நாற்காலி போகிற அகலத்துக்குச் சிமெண்ட் பாதை போடவைத்தார். பாத்திகளை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டார். முதல் திருப்பத்தில் ஓமவல்லி, அடுத்ததில் மரிக்கொழுந்து. மூக்கே வழி சொல்லிவிடும். பாதை முடிகிற இடத்தில் ஒரு கல்தொட்டி. அதில் தண்ணீர் விழுவதற்கான மோட்டாரை அவரே தடவித் தடவி மாட்டினார். அந்தச் சத்தத்துக்கு, மையத்துக்கு வரும் சித்ரா என்ற சிறுமி காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். மூன்று நாள் வால்வைத் திருகித் திருகிக் குறைத்தார். நாலாம் நாள் சித்ரா தொட்டிக்குள் கையை விட்டு அளைந்தாள்.

திறப்பு நாளில் ஊர்க்காரர்களும் வந்தார்கள். பக்கவாதம் வந்து இரண்டு வருசமாக வாசல் தாண்டாத அழகுசுந்தரம் வாத்தியாரும் வந்திருந்தார். மகள் நாற்காலியைத் தள்ளப்போனாள்.

"யாரும் தள்ளாதீக!" என்றார் வாத்தியார்.

நல்ல கையால் சக்கரத்தை உருட்டி, நல்ல காலால் தரையை உந்தி, வழியில் ஓமவல்லி இலையைக் கிள்ளி முகர்ந்து, மெல்ல மெல்லப் போனார். திடீரென்று கைதட்டல்.

"ஈஸ்வரி, வாத்தியார் எம்புட்டு தூரம் போயிருக்காரு?"

"தொட்டி வரைக்கும் போயிட்டாருங்க. தண்ணியை அள்ளி மூஞ்சியில அடிச்சுக்கிறாரு."

மலையாண்டிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இப்போது சாயங்காலங்களில் அந்தத் தோட்டம் ஊருக்கே திறந்திருக்கிறது. போன மாதம் நெற்குப்பையிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தார் தோட்டம் போட்டுத்தர மலையாண்டியை அழைத்தார்கள். அவருக்கு இது நான்காவது தோட்டம். அங்கே இன்ஜினியர் வரைபடத்தை விரித்து விளக்க ஆரம்பித்தார்.

"தாளு இருக்கட்டும் சார்," என்றார் மலையாண்டி. "செருப்பைக் கழட்டிட்டு வாங்க, இடத்துல நடந்து பாப்போம்."