அன்புக்கரசியின் ஒன்பதாவது தட்டு

குழாயைத் திறக்கும் முன் அன்புக்கரசி அதன் கோவணத்தை அவிழ்ப்பார். திண்டுக்கல்லில் பல வீடுகளில் குழாயின் வாயில் பழைய வேட்டித் துணி கட்டியிருக்கும். "கோமணங் கட்டுனா புழு வராது, சரித்தான். அதத் தொவச்சு எம்புட்டு நாளாச்சு?" என்று கேட்பார். வீட்டுக்காரம்மாவுக்கு உடனே அடுப்பில் ஏதோ வேலை வந்துவிடும்.

சோதனைக்காக வீடு வீடாகக் குடிநீர் மாதிரி எடுப்பதுதான் அவருக்கு வேலை. வயது ஐம்பது, தோளில் ரெக்ஸின் பை. ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் குழாயின் வாயைச் சுட்ட பிறகுதான் தண்ணீர் பிடிப்பார். பக்கத்துத் தெரு மெஹராஜ் வீட்டில் ஒருமுறை பிளாஸ்டிக் குழாய் என்று பார்க்காமல் சுட்டுவிட்டார். அது இன்றும் வாயைக் கோணிக்கொண்டுதான் நிற்கிறது.

பிடித்த தண்ணீரை மருந்து போட்ட சிறு பாட்டிலில் ஒரு நாள் வைத்திருப்பார். கறுத்தால் அதில் சாக்கடைக் கிருமி இருக்கிறது. "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே" என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது. "கண்ணுக்குத் தெரிஞ்சா நான் எதுக்கு? நீங்களே செருப்பால அடிச்சுற மாட்டீங்களா?" கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அவர் குடிப்பது சொந்தத் தண்ணீர்தான்.

போன மாதம் மகன் பிரபுவுக்குத் தாடிக்கொம்பில் பெண் பார்க்கப் போனார்கள். "அம்மா, அங்கயும் ஆராய்ச்சியத் தொடங்கிறாத" என்று அவன் முன்கூட்டியே கும்பிட்டிருந்தான். பெண் தீபாவை அவனுக்குப் பிடித்துப் போயிற்று. அம்மாவுக்கு அதைவிடப் பிடித்துப் போயிற்று. ஆனாலும் கொல்லையில் கை கழுவப் போன இடத்தில் அன்புக்கரசியின் கை தானாகப் பைக்குள் போய்விட்டது. மறுநாள் பாட்டில் கரியாய்க் கறுத்திருந்தது.

"பொண்ணு தங்கம்டா. அவுக தண்ணித் தொட்டிதான்..." என்று இழுத்தார்.

"வாயத் தொறந்தீன்னா கல்யாணம் நின்னுரும்மா!" என்றான் பிரபு.

சொன்னால் சம்பந்தம் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அதைத்தானே தினமும் குடிக்கும்? அன்புக்கரசிக்கு மனசு கேட்கவில்லை.

நிச்சயத்தன்று பூ, பழம், பட்டு என்று எட்டுத் தட்டுகள் கூடத்தில் இறங்கின. ஒன்பதாவது தட்டில் குங்குமப் பொட்டு வைத்த இரண்டு கிலோ பிளீச்சிங் பவுடர்.

"கோலமாவா மதினி?" என்று ஆசையாகப் பிரித்து முகர்ந்த தீபாவின் அம்மா மூன்று முறை தும்மினார்.

"தொட்டிக்கு மதினி. கழுவிட்டுப் போடுங்க. அன்னைக்குப் புடிச்ச தண்ணி... கறுத்துருச்சு."

பிரபு மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

தீபா உள்ளிருந்து தண்ணீர் டம்ளரோடு வந்தாள். இன்னொரு கையில் ஒரு சிறு பாட்டில், பிரபு அம்மாவின் பையிலிருந்து திருடிக் கொடுத்தது. "அவுக மறுநாளே போன்ல சொல்லிட்டாக அத்தே. அம்மாட்டச் சொல்லாம தொட்டியக் கழுவி மருந்து போட்டுட்டேன். இது நேத்துக் காலையில புடிச்சது. கறுக்கல, பாருங்க."

அன்புக்கரசி பாட்டிலை வாங்கி, வழக்கப்படி வெளிச்சத்துக்குத் தூக்கப் போனார். பாதியில் கை நின்றது. பார்க்காமலே பைக்குள் போட்டுவிட்டு டம்ளரை வாங்கினார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.