மாரி காணாத வீடு

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்தாக வேண்டும். கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வந்து குடியிருப்பது பெண்ணின் வீட்டில்தான். அந்த வீட்டைப் பெண்ணின் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதிய பிறகுதான் நாள் பார்க்கிற பேச்சே எடுபடும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் அம்மா எனக்குத் தந்த வீட்டில்தான் இன்றும் கிரானில் இருக்கிறேன். அதன் முன்னறையில்தான் கோழித்தீன் கடை நடத்துகிறேன்.

மாப்பிள்ளைக்கு மட்டக்களப்பில் அரச கந்தோர் ஒன்றில் வேலை. என் மகளும் அவனும் ஒரு பயிற்சி வகுப்பில் பழகி, பிறகு இரண்டு வீட்டாருக்கும் சொன்னார்கள். மரியாதையான பிள்ளை. வந்தால் செருப்பை வெளியே கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவான். அவனுடைய பெரியப்பா வீடு கட்டி விற்கிறவர். வாவிக்கரையில் அவர் புதிதாகக் கட்டி முடித்திருந்த வீட்டையே மகளுக்கு வாங்கலாம் என்று அவர்கள் பக்கமிருந்து பேச்சு வந்தது. சம்பந்தி வீடு என்பதால் முற்பணம்கூடக் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்தால் வாவி. மகளுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. என் கணவர் வட்டையில் தனக்கிருந்த வயலில் பெரும்பங்கை விற்றார்.

எனக்குத்தான் மனம் சரியாக இல்லை. பெயின்ட் வாசத்துக்கு அடியில் சேற்று மணம் ஒன்று இருந்தது. கடைக்கு வரும் தீன் மூட்டையைக்கூட வாயைப் பிரித்துக் கையை விட்டுப் பார்க்காமல் நான் இறக்க விடுவதில்லை. வீட்டை அப்படிப் பார்க்க எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டலாம் என்றேன்.

“சம்பந்தி கட்டின வீட்ட வெளி ஆளக் கொண்டு பாக்கிறதா? அவங்க என்ன நினைப்பாங்க?” என்றார் கணவர்.

“வீட்டத்தானே பாக்கப் போறம். அவங்களையா பாக்கப் போறம்?”

ஒளித்துச் செய்யவும் இல்லை. மாப்பிள்ளையின் தாயிடம் நானே சொன்னேன். “பாருங்க, அதில என்ன இரிக்கு” என்றா. பெரியப்பாதான் வீட்டுச் சாவியையும் கொடுத்தனுப்பினார். யாரோ ஒரு மேசன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவான் என்று நினைத்திருப்பார் போல.

கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பொறியியலாளர் வந்தா. என் கடை வாடிக்கையாளர் ஒருவரின் மருமகள். எங்களையும் தெரியாது, அவர்களையும் தெரியாது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. மகளும் கூட வந்தாள், யன்னல்களுக்குத் திரைச்சீலை அளவெடுக்க.

அந்தப் பெண் வந்தவுடன் குளியலறைக்குள் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினா. தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் போகாமல் அறைக்குள் வந்தது. மாபிள் தரையைச் சாவியால் தட்டிக்கொண்டே நடந்தா. பல இடங்களில் வெறும் டப்பாவைத் தட்டுவது போலச் சத்தம் கேட்டது. ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறி இறங்கினா. கதவு நிலைகளுக்கு மேலே மயிர் போல ஓடிய வெடிப்புகளை விரலால் தடவிப் பார்த்தா. அதுவரை நான் பெரிதாகப் பயப்படவில்லை. இவையெல்லாம் திருத்தக்கூடியவை என்றுதான் அவவும் சொன்னா.

பிறகு பின்பக்கம் போய், சுவரோடு சேர்த்து ஓரிடத்தில் தோண்டச் சொன்னா. என் கணவர்தான் மண்வெட்டி பிடித்தார். முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை, அத்திவாரம் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே கறுத்த சேறு, மட்டிச் சிப்பி, உக்கிய புல். கணவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

“அக்கா, இது வாவியோட இருந்த பள்ளக் காணி. நிரப்பியிரிக்கு. நிரப்பினதும் இறுக விடல்ல, அத்திவாரத்தயும் நல்ல மண்ணுக்கு இறக்கல்ல” என்றா அந்தப் பெண்.

“இப்ப என்ன செய்யலாம், மிஸ்?”

“கோடையில கட்டின வீடு. இன்னும் ஒரு மாரி காணல்ல. மாரி போகட்டும், பிறகு உறுதி எழுதுங்க. இல்லாட்டி இந்தப் பின்பக்க அத்திவாரத்தக் கட்டினவரே திரும்பச் செய்து தரட்டும். எண்ட புள்ளைக்கெண்டா இப்ப வாங்க மாட்டன்.”

அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வந்தார். குழியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“என்ன தங்கச்சி, எண்ட வீட்டத் தோண்டி எலும்பா தேடுறீங்க?”

“கோவிக்காதீங்க அண்ணன். அத்திவாரம் ஆழமில்லயாம். ஒரு மாரி பாத்திட்டு எழுதுவம் எண்டு…”

“நான் இந்தத் தொழில் செய்யத் தொடங்கக்குள்ள இந்தப் பிள்ள பிறக்கவே இல்ல” என்று பொறியியலாளரைக் காட்டினார். “எண்ட மகனுக்கு நான் பழுதான வீட்டக் குடுப்பனா?” தம்பி மகனைத்தான் அப்படிச் சொன்னார்.

அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. “ஐயா, நீங்களே குழிக்குள்ள பாருங்க” என்றா. அவர் பார்க்கவில்லை. மகள் கையில் அளவு நாடாவோடு வாசலில் நின்றாள். அவள் குழியையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. தங்களைக் கள்ளர் என்று நாங்கள் சொல்லிவிட்டோம் என்று அவர்கள் வீட்டில் பேச்சு. “பாருங்க, அதில என்ன இரிக்கு” என்ற அந்தத் தாய், தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றா. கணவர் என்னிடம் கெஞ்சினார். “எழுதுவம். பிறகு நாமளே காசு போட்டுத் திருத்துவம்.” நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வீடு பார்க்கிறோம் என்றேன். மாரி முடியட்டும், இதே வீட்டை எழுதுகிறோம் என்றேன். பெரியப்பாவின் வீட்டுக்குப் போய், மனம் நொந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

“மன்னிப்பெல்லாம் வேணாம். இந்தக் கிழம உறுதி எழுத நொத்தாரிசிட்ட வாங்க” என்றார்.

“அது மட்டும் ஏலாது, அண்ணன்.”

மாப்பிள்ளை அங்கேதான் இருந்தான். கந்தோரில் எத்தனையோ பேருடைய காணிப் பிரச்சினைகளைப் பார்க்கிற பிள்ளை. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழும்பி வரும்போதும் தலை நிமிரவில்லை.

சம்பந்தம் முறிந்தது. மகள் அழுததை நான் பார்க்கவில்லை, அவள் என் முன்னால் அழவில்லை. ஒரு நாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“வீடு விழுந்தா நாங்க ரெண்டு பேரும்தானே விழுந்திருப்பம். உங்களுக்கு என்ன?”

அவள் தள்ளி வைத்த கோப்பையை எடுத்து மூடி வைத்தேன்.

மாரி தொடங்க முன்னமே அவனுக்கு வேறு பெண் பேசிவிட்டார்கள், கரடியனாற்றுப் பக்கம். வீடு அதே வீடு. இதைக் கேள்விப்பட்டபோது, எனக்கென்ன என்று இருந்திருக்கலாம். கணவரும் அதைத்தான் சொன்னார். என்னால் இருக்க முடியவில்லை. அந்தப் பெண்ணும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைதானே. பஸ் ஏறிப் போனேன்.

பெண்ணின் தாய் என்னை உள்ளே இருத்தித் தேத்தண்ணி தந்தா. நான் குழியைப் பற்றி, சேற்றைப் பற்றி, பொறியியலாளர் சொன்னதைப் பற்றி எல்லாம் சொன்னேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தா. நான் முடித்த பிறகு மெதுவாகக் கேட்டா:

“உங்கட மகளுக்கு அமையல்ல எண்டு எங்கட புள்ளைக்கும் அமையாமப் பண்ண வந்தீங்களோ?”

“ஐயோ, அப்படியில்ல தங்கச்சி. வேற ஆரையாவது கூட்டிப் போய் நீங்களே பாருங்க. நான் சொன்ன மிஸ்ஸக் கூப்பிட வேணாம். உங்களுக்கு நம்பிக்கையான ஆளக் கூப்பிடுங்க.”

“பஸ் போயிரும். வெளிக்கிடுங்க” என்றா. தேத்தண்ணியை நான் பாதி குடித்திருந்தேன்.

கலியாணம் நடந்தது. அந்த முறை மாரி பலமாகப் பெய்தது. வாவி நிறைந்து, கரையோர வளவுகளுக்குள் தண்ணீர் ஏறி, பல நாள் நின்றது. வற்றத் தொடங்கிய பிறகுதான் அந்த வீட்டின் பின்னறை இறங்கியது. சுவர் பிளந்து, மாபிள் வெடித்துக் கிளம்பி, பின்கதவைத் திறக்க முடியாமல் போனதாம். கடைக்குத் தீன் வாங்க வந்தவர்கள்தான் சொன்னார்கள். நல்ல காலம், ஆட்கள் அதற்கு முதலே வெளியேறி உறவினர் வீட்டில் இருந்தார்கள்.

ஊரில் யாராவது, அந்த மனிசி அன்றைக்கே சொன்னாதானே என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் என் காதுக்கு வந்தது வேறு. நான் வயிறெரிந்து சொன்ன சொல் பலித்துவிட்டதாம். புதுவீட்டில் குழி தோண்டி அபசகுனம் பண்ணினவள் நானாம். என் கணவரின் சொந்தத் தங்கையே அதை என் கடைக்குள் நின்று சொல்லிவிட்டு, கடனுக்கு ஒரு மூட்டை தீனும் ஏற்றிக்கொண்டு போனா. பெரியப்பாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளத்துக்கு அவர் என்ன செய்வார் என்றார்கள். அவர் இப்போதும் வீடு கட்டி விற்கிறார்.

கணவர் தான் விற்ற அதே வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். விற்ற காசு, வேறு வீடு ஒன்றும் அமையாமல், வங்கியில் இருக்கிறது. அதைப் பற்றி அவர் என்னிடம் பேசுவதில்லை.

தை மாதம் கரடியனாற்றுப் பெண்ணின் தாய் எனக்குப் போன் எடுத்தா. அந்தப் பொறியியலாளரின் நம்பர் வேண்டுமாம், மிச்ச வீட்டையாவது காப்பாற்ற முடியுமா என்று பார்க்க. சொன்னேன், எழுதிக்கொண்டா. ஆனால் போனை வைக்கவில்லை. ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று நினைத்துக் காத்திருந்தேன்.

“நீங்க வந்தது சரிதான். ஆனா ஒருக்கா வந்து சொல்லிற்று அப்படியே போயிற்றீங்களே. நல்லா அழுத்திச் சொல்லியிருந்தா நாங்க கேட்டிருப்பம்.”

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். மகள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டாள், சொன்னேன். பின்னறை இறங்கிய கதை ஊரெல்லாம் தெரிந்தது, அவளுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அதுவரை அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. அன்று கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“அவருக்கு ஒண்டும் நடக்கல்லியே?”

“இல்ல. முதலே வெளிய போயிற்றாங்க.”

“ம்” என்றாள்.

வேறு ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் அடுத்த தேங்காய்ப் பாதியை எடுத்தாள்.