காற்றை வெட்டிய சனிக்கிழமை

பொன்ட்டா குரோசா ஊரில் லாரி டயர் பஞ்சரானால் யாரைக் கேட்டாலும் வால்தெசிர் கடைக்குத்தான் கை காட்டுவார்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் அவர். பன்னிரண்டு வயதில் அடுத்தவன் கடையில் ஜாக்கி தூக்கினார். முப்பது வயதில் சொந்தக் கடை. இப்போது அறுபத்தாறு வயது, மூன்று கம்ப்ரஸர், நெடுஞ்சாலையைப் பார்த்து இரண்டு வாசல். ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை. இதை அவரே நாளைக்கு மூன்று தரம் சொல்வார். உண்மை என்பதால் கேட்கிறவர்களும் பொறுத்துக்கொண்டார்கள்.

ஆனால் கடையைவிட அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன சமாச்சாரம் வேறு. நாற்பத்தெட்டுச் சொற்கள். எந்த அகராதியைப் புரட்டினாலும் கிடைக்காத சொற்கள். அத்தனையும் அவர் வாயில் பிறந்தவை.

அது இப்படி ஆரம்பித்தது. அன்செல்மோ என்று ஓய்வுபெற்ற லத்தீன் வாத்தியார் ஒருவர், கடைக்கு அடிக்கடி வருகிறவர், ஒரு சனிக்கிழமை தடிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். விளையாட்டுப் புத்தகம். ஒருவர் கதை சொல்ல, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு வீரனாகக் கதைக்குள் போக வேண்டும். வால்தெசிர் மந்திரவாதியாகப் போனார். மந்திரங்கள் மட்டும் அறுபது பக்கம். அவர் எழுத்துக்கூட்டி, விரல் வைத்துப் படிக்கிறவர். தேவையான மந்திரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பூதம் அவரைத் தின்றுவிட்டது. அடுத்த வாரமும் தின்றது. மூன்றாவது வாரம் புத்தகத்தை மூடிவைத்தார்.

"வாத்தியாரே, இந்த மந்திரமெல்லாம் படிச்சவனுக்குத்தான் பலிக்கும்போல. ரிம்மு, டியூபு, டயரு, மூணும் சேர்ந்தா சக்கரம். மந்திரமும் அப்படித்தானே இருக்கணும்?"

"அப்ப நீங்களே ஒண்ணு பண்ணுங்களேன்" என்றார் அன்செல்மோ, வாய் வார்த்தைக்கு.

வால்தெசிரிடம் அப்படிச் சும்மா சொல்லக் கூடாது. கிழிந்த டியூபுகளை எடுத்து, தகரம் வெட்டும் கத்தரியால் வட்ட வட்டமாக வெட்டினார். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டால் ஒரு சொல். வால்வைத் திறந்தால் காற்று போகிற சத்தம் ஃபூஷா, அது காற்று. ரிம்மைவிட்டு டயர் பிரிகிற சத்தம் கிரெக்கா, அது உடைப்பது. தகர டப்பாவில் திருகாணி கொட்டுகிற சத்தம் தின்லோ, அது மழை. இப்படியே நாற்பத்தெட்டு. ஆளுக்கு ஏழு வில்லை. மந்திரம் போட மூன்றை வரிசையாக வைக்க வேண்டும்: எது, என்ன செய்ய, எவ்வளவு. அவ்வளவுதான் சட்டம். அன்றிலிருந்து கதை சொல்லும் நாற்காலியும் அவருடையதாயிற்று.

"முப்பது வருஷம் லத்தீன் சொல்லிக்குடுத்தவன், இங்க வந்து உங்க டியூபைப் பாத்து முழிக்கிறேன்" என்றார் அன்செல்மோ முதல் நாள்.

"முழிங்க வாத்தியாரே. நான் நாலு வருஷம் பள்ளிக்கூடத்துல முழிச்சேன். உங்களுக்கு ஒரு சாயங்காலம்தானே."

மூன்றாவது வில்லையை வைக்காமலும் மந்திரம் போடலாம். எவ்வளவு என்று சொல்லாவிட்டால் அதற்கு அளவே கிடையாது. மலையைக் கேட்டால் மலை. ஆனால் அதற்கொரு விலை வைத்திருந்தார். அளவில்லாமல் போட்ட இரண்டு வில்லைகளையும் அங்கேயே, அந்த மேசையிலேயே, கத்தரியால் வெட்டிவிட வேண்டும். அந்தச் சொற்கள் அதன்பின் யாருக்கும் கிடையாது. மறுபடி செய்து சேர்க்கிற பேச்சே இல்லை. பதினோரு வருடத்தில் இரண்டே தடவைதான் கத்தரி எடுத்தார்கள். நகரப் பேருந்து ஓட்டுகிற ஜந்திரா, ஒரு காட்டுத்தீயை அணைக்க மழையை வெட்டக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அழுதாள். மழையில்லாமல் ஆடுகிற ஆட்டம் வேறு மாதிரி ருசித்தது.

இந்தப் பேச்சு பக்கத்துப் பெருநகரமான குரிச்சிபா வரைக்கும் போயிற்று. அந்தப் பக்கம் ஜூன்தான் குளிர்காலம்; அந்தக் குளிரில், அடுப்பில் பைன் கொட்டை வெந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, எலியெத் என்ற பெண் கடைக்கு வந்தாள். விளையாட்டுகளைப் பெட்டியில் போட்டு விற்கிற ஒரு நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தாள். ஓரமாக உட்கார்ந்து மூன்று மணி நேரம் பார்த்தாள்.

"அண்ணே, இதை நாங்க அச்சுப்போடுறோம். பெட்டி மூடியில உங்க பேர்தான் இருக்கும், இந்தாப் பெருசுக்கு. ஆகஸ்ட்டுல உங்க ஊர்ல விளையாட்டுக்காரங்க கூட்டம் நடக்குதுல்ல, அங்க ஒருதரம் ஆடிக்காட்டுங்க. எங்க ஆளுங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன். ஒண்ணே ஒண்ணு. வெட்டுறது மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"காசு குடுத்து வாங்கினவன் காயை எவனாவது வெட்டுவானா? கடையில திருப்பிக் கொண்டுவந்து நிப்பான்."

வால்தெசிரின் பெயர் அதுவரை இரண்டு இடத்தில்தான் இருந்தது. ஒன்று அடையாள அட்டை. மற்றது அவரே கோணல்மாணலாக எழுதிய கடைப் பலகை. பெட்டி மூடியில் அச்செழுத்தில், கலரில், கடை கடையாக அந்தப் பெயர் போவதை நினைத்தபோது அவருக்கு மார் ஒரு சுற்றுப் பெருத்தது. வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. சரி என்று தலையாட்டினார். மேசைக்காரர்களிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

கூட்டம் நடந்தது அவர் நாலாம் வகுப்போடு விட்டுப்போன அதே பள்ளியின் கூடத்தில். மதியம் இரண்டு மணி. புதுச் சட்டை போட்டு, கிரீஸ் டப்பாவில் வில்லைகளை எடுத்துக்கொண்டு போனார். கத்தரியைக் கடையிலேயே விட்டுவிட்டார். மறதியில் அல்ல.

மேசையைச் சுற்றி நாற்பது பேராவது நின்றார்கள். எலியெத்தும் அவளுடைய இரண்டு ஆட்களும் முன்வரிசையில். வால்தெசிர் கதையைத் தொடங்கினார். பதினோரு வருடமாக ஆற்றையெல்லாம் உப்பாக்கிக்கொண்டு வந்த உப்பரசன், கடைசி ஊற்றின்மேல் கோட்டை கட்டி உட்கார்ந்துவிட்டான். கோட்டைக்கு வெளியே நாலு ஊர் ஜனம் நாக்கு வறண்டு கிடக்கிறது. அவர் கதை சொன்னால் நின்றவர்களும் எச்சில் விழுங்கினார்கள்.

அன்செல்மோ தன் மூன்று வில்லைகளை வைத்தார். கோட்டையில் ஒரு கதவுதான் திறந்தது.

"வாத்தியார் எப்பவும் சில்லறையிலதான் செலவு பண்ணுவாரு" என்றாள் ஜந்திரா. கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்ததை வெகுநேரம் பார்த்தாள். ஃபூஷாவை வைத்தாள். பக்கத்தில் கிரெக்காவை வைத்தாள். அளவு வில்லையைக் கவிழ்த்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

நின்றவர்கள் மேசையை நெருங்கினார்கள்.

"காத்து. உடை. அவ்வளவுதான்" என்றாள். பிறகு அவர் பக்கம் கையை நீட்டினாள். "கத்தரி குடுங்கண்ணே."

"கத்தரி… கடையில இருக்கு."

"பதினோரு வருஷமா டப்பாவோட கூடவே வர்ற கத்தரியா?"

எலியெத் மெல்ல முன்னால் குனிந்து, "பரவாயில்லை, கோட்டை விழுந்துடுச்சுன்னு சொல்லி மேல போங்க அண்ணே" என்றாள்.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஜந்திராவின் முகத்தைப் பார்த்தார். காற்றைக் கொடுத்துவிட்டேன் என்ற துக்கமும் கொடுத்தேனே என்ற பெருமிதமும் அந்த முகத்தில் இருந்தன. இப்போது வெட்டாமல் விட்டால் அவள் ஒன்றும் கொடுக்கவில்லை என்று ஆகிவிடும். அன்றைக்கு மழைக்காக அழுததும் வீண். மந்திரம் வெறும் ரப்பராகிவிடும்.

கத்தரியை விட்டுவிட்டு வந்தாரே தவிர, ஐம்பது வருடப் பழக்கம் விடுமா? கால்சட்டைப் பையில் ஒட்டு சீவுகிற சின்னக் கத்தி கிடந்தது. எடுத்து விரித்தார். ஃபூஷா, அவர் செய்த முதல் வில்லை. ஓரமெல்லாம் கைபட்டு வழவழத்திருந்தது. மேசையில் வைத்து ஒரே இழுப்பு. இரண்டு பாதி. அப்புறம் கிரெக்கா.

"கோட்டை விழுந்துச்சு" என்றார். "அது நின்ன மலையும் சேந்து விழுந்துச்சு. ஊத்துத் தண்ணி நாலு ஊருக்கும் ஓடுது. இனிமே இந்த உலகத்துல காத்தைக் கூப்பிட ஆள் இல்ல."

எழுந்த கைதட்டல் பள்ளி வாசல்வரை கேட்டது. நாலாம் வகுப்பில் அந்தக் கட்டிடத்தில் அவருக்கு யாரும் கை தட்டியதில்லை.

எலியெத்தின் ஆட்கள் இருவரும் குறிப்பேட்டை மூடினார்கள். அவள் மட்டும் அருகே வந்தாள். "பெட்டி நடக்காது அண்ணே."

"தெரியும்மா."

"வருத்தமா?"

"இல்லாம இருக்குமா? ஆனா போய்ச் சோறு திம்பேன்."

தின்றார். இரண்டாம் தரமும் வாங்கித் தின்றார். ஃபூஷாவின் இரண்டு பாதிகளையும் கம்ப்ரஸருக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். லாரிக்காரன் எவனாவது அது என்னவென்று கேட்டால் போதும். பஞ்சர் ஒட்டி முடியும்வரை முழுக்கதையும் கேட்டுவிட்டுத்தான் அவன் நகர முடியும்.

அதற்கப்புறம் நாலாவது சனிக்கிழமை குரிச்சிபா பேருந்திலிருந்து எலியெத் இறங்கினாள். கையில் ஒரு பொட்டலம் மாத்தே இலை, குடுவையில் ஊறவைத்து எல்லாரும் மாறி மாறி உறிஞ்சிக் குடிக்கிறது.

"ஆட இடம் இருக்கா அண்ணே?"

"இருக்கு. கடைசி நாற்காலி. மாத்தேயும் கடைசியாத்தான் கைக்கு வரும்."

"எங்க ஊர்லயும் புதுசா வந்தவளுக்கு அப்படித்தான்" என்று உட்கார்ந்தாள். டப்பாவுக்குள் கைவிட்டு ஏழு வில்லை எடுத்தாள். மாத்தே ஊறிய சுரைக்குடுவை ஒவ்வொரு கையாகச் சுற்றி வந்தது. "காத்து இல்லையா இதுல?" என்று தெரிந்தே கேட்டாள்.

"நான்தான் தீர்த்துட்டேன்" என்றாள் ஜந்திரா, சொத்து விவரம் சொல்வதுபோல.

எலியெத் தன் முறையில் இரண்டு வில்லைகளை வைத்தாள். மூன்றாவது அவள் விரல் நுனியிலேயே நின்றது. வைக்கவுமில்லை, எடுக்கவுமில்லை. வால்தெசிர் அவசரப்படுத்தவில்லை. இழுப்பறையிலிருந்து கத்தரியை எடுத்து, துணியால் துடைத்து, மேசை நடுவில் வைத்தார்.