கல்யாணப் பந்தியில் கிடைத்த மச்சான்

மடத்துக்குளத்துக் கல்யாணப் பந்தியில் அவர் எனக்குப் பக்கத்து இலை. பட்டு வேட்டி, முறுக்கிய மீசை. யோசிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வார்.

“ஏனுங்க, உங்களை நல்லாத் தெரியுமுங்க. எங்கேன்னுதான் பிடிபட மாட்டேங்குது.”

எனக்கும் அதே தவிப்பு. கல்யாண வீடு என்பதால் இருவருக்குமே சொந்தபந்தங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று தேடியும் அகப்படவில்லை.

“உடுங்க, ஏதோ ஒரு முறை வரும். மச்சான்னே வெச்சுக்கலாமுங்க” என்று சிரித்தவர், “மச்சானுக்கு இன்னொரு ஜிலேபி வைப்பா” என்று பரிமாறியவரை விரட்டினார்.

திங்கட்கிழமை காலை, நெருப்பெரிச்சலில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி கேட்டில் வண்டியைத் திருப்பினேன். தினமும் சல்யூட் அடிக்கும் வாட்ச்மேன் கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது. தொப்பிக்குக் கீழே ஒரு கண் மூடிக்கொண்டது.

அவர் என்னை வண்டியோடும் நான் அவரைத் தொப்பியோடும்தான் இத்தனை நாளும் ஞாபகம் வைத்திருந்தோம் போலிருக்கிறது.

‘மச்சான்’ என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் எனக்குப் பின்னால் முதலாளியின் கார் ஹாரன் அடித்தது. அவர் விறைப்பாக நின்று சல்யூட்டை முடித்தார்.

அது எனக்கா, காருக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.